கிளிமஞ்சாரோ: ஐந்து நாள் கணக்கில் ஒரு பிழை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த கிளிமஞ்சாரோ கட்டுரையும் படங்களும் நன்றாக இருந்தன. ஆனால் 'கயிறு வேண்டாம், பனிக்கோடரி வேண்டாம், நடக்கத் தெரிந்தால் போதும். ஐந்தே நாளில் உச்சியைத் தொட்டுத் திரும்பலாம்' என்ற வரியைத் திருத்தாமல் விட முடியாது. கயிறும் கோடரியும் வேண்டாம் என்பது சரி. ஐந்து நாள் என்பதை நம்பிப் பணம் கட்டியவர்களைத்தான், உச்சிக்கு முன் கடைசியாகத் தங்கும் கிபோ குடிசை வாசலில் தலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கக் காணலாம்.

தான்சானியாவில் உள்ள இந்த மலையின் உச்சியான உஹுரு 5,895 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். மராங்கு பாதையில் போகிறவர்கள் முதல் இரவு தங்கும் மந்தாரா குடிசையே 2,720 மீட்டரில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அதற்கு இணையான உயரம் கிடையாது. மறுநாள் ஹொரொம்போ, 3,720. மூன்றாம் நாள் கிபோ, 4,720. அன்று நள்ளிரவே உச்சிக்குக் கிளம்ப வேண்டும். ஆக, ஒவ்வோர் இரவும் படுக்கை ஆயிரம் மீட்டர் மேலே போகிறது. 3,000 மீட்டரைத் தாண்டிய பின் படுக்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னோர் இரவு தங்குங்கள் என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. ஐந்து நாள் திட்டம் அதை அப்படியே இரண்டால் பெருக்கிவிடுகிறது.

உச்சியில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். அதை ஈடுகட்ட உடம்பு வேகமாக மூச்சு விடும். அப்போது கரியமில வாயு அதிகம் வெளியேறி ரத்தத்தின் காரத்தன்மை கூடும். கூடியதும் மூளை மூச்சின் வேகத்தைக் குறைத்துவிடும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது இதனால்தான். மிஞ்சிய காரத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ளினால்தான் மூச்சு சீராகும். அதற்குச் சில நாள் பிடிக்கும். உடற்பயிற்சி இந்த வேலையை ஒரு மணி நேரம்கூட முன்னதாக முடிக்காது. மாரத்தான் ஓடுகிற இளைஞர் படுத்துவிடுவதும் அறுபது வயது அம்மா நிதானமாக ஏறிவிடுவதும் அங்கே அன்றாடக் காட்சி. இளைஞருக்குக் காலில் பலம் இருக்கிறது, அதனால் வேகமாகப் போகிறார். வேகமாகப் போனதால் விழுகிறார். வழிகாட்டிகள் நாள் முழுக்க 'போலே போலே' என்கிறார்களே, சுவாஹிலியில் அதற்கு 'மெள்ள மெள்ள' என்றுதான் பொருள்.

வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறி இறங்கிவிட்டேன், போதாதா என்று கேட்கிறார்கள். காலுக்குப் போதும். எட்டு கிலோ பையோடு மாடிப்படி ஏறி இறங்குவதும் நல்ல பயிற்சி, அதிலும் இறங்குவது. ஆனால் உயரத்துக்குப் பழகுவதை இங்கிருந்து செய்ய முடியாது. தென்னிந்தியாவில் 3,000 மீட்டர் மலையே இல்லை. அந்தப் பழக்கத்தை அந்த மலையிலேயே, நாள் கொடுத்துத்தான் பெற வேண்டும்.

மராங்குவில் போவதானால் ஆறு நாள் திட்டம் கேளுங்கள். கூடுதல் இரவு ஹொரொம்போவில் கழியும். பகலில் வரிக்குதிரைப் பாறை வரை ஏறிவிட்டுத் திரும்பி வந்து படுக்கலாம். மச்சாமே பாதை இதைவிட நல்லது, ஏழு நாளானால். மூன்றாம் நாள் லாவா டவர் என்ற பாறைக்கு, 4,600 மீட்டருக்குச் சற்று மேலே, ஏறி மதியம் சாப்பிட்டுவிட்டு பராங்கோ முகாமுக்கு 600 மீட்டருக்கு மேல் இறங்கிப் படுக்கிறோம். உயரத்தைக் காட்டிவிட்டு உடம்பைக் கீழே கொண்டுவந்து உறங்க வைக்கும் வித்தை இது. அன்று லாவா டவரில் லேசாகத் தலை வலித்தால் பயப்பட வேண்டாம். பராங்கோவுக்கு வந்தும் வலி நிற்கவில்லை என்றால்தான் கவனிக்க வேண்டும். இதே பாதையை ஆறு நாளில் முடிப்பவர்கள் கராங்கா முகாமில் தங்காமல் பராங்கோவிலிருந்து நேரே உச்சிக்கு முந்தைய கடைசி முகாமான பராஃபு போகிறார்கள். ஏழெட்டு மணி நேரம் நடந்து, சாயங்காலம் போய்ச் சேர்ந்து, இரண்டு வாய் சாப்பிட்டு, மூன்று மணி நேரம் புரண்டுவிட்டு நள்ளிரவில் கிளம்ப வேண்டும். பாதி வழியில் திரும்புவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை. லெமோஷோ பாதையில் எட்டு நாள் கிடைத்தால் இன்னும் நிம்மதி.

1889ல் முதன்முதலாக உச்சியை அடைந்த ஹான்ஸ் மேயரும் லுட்விக் புர்ட்ஷெல்லரும் செய்ததும் மலைக்கு நாள் கொடுத்ததுதான். மேயரின் 1887ஆம் ஆண்டு முயற்சி பலிக்கவில்லை. மறுபடி வந்தபோது மலையின் வெவ்வேறு உயரங்களில் முகாம் போட்டு, ஆட்கள் மூலம் உணவு வரவழைத்துக்கொண்டார். ஒரு நாள் முடியாவிட்டால் இன்னொரு நாள் முயல அவருக்கு வழி இருந்தது.

அப்படியிருக்க நாள் குறைந்த திட்டங்கள் ஏன் விற்கின்றன? காசுதான். சமீப ஆண்டுகளின் கட்டணப்படி தேசியப் பூங்காவுக்கு ஒருவர் நாளொன்றுக்கு 70 டாலர், முகாமில் இரவொன்றுக்கு 50 டாலர், மீட்புக் கட்டணம் 20 டாலர், இவற்றின் மேல் 18 சதவீத வரி கட்ட வேண்டும். ஏழு நாள் ஆறு இரவுக்குக் கூட்டிப் பாருங்கள்: 490, 300, 20; வரியோடு 956 டாலர் ஆகிறது. கூடாரம், சாப்பாடு, கூலி எல்லாம் இதற்கு மேல். ஒரு நாளைக் குறைத்தால் பூங்காவுக்குக் கட்டுவதில் மட்டும் சுமார் 140 டாலர் மிச்சம். ஆள்கூலியும் ஒரு நாள் குறையும். விளம்பரத்தில் விலை குறைவாகத் தெரிவதற்கு இதுவே காரணம். ஏழு நாளுக்கு 1,200 டாலர் என்று யாராவது சொன்னால், பூங்கா போக மிஞ்சும் 244 டாலரில் எத்தனை பேர் ஒரு வாரம் சாப்பிட்டுக் கூலியும் வாங்க முடியும் என்று யோசியுங்கள். ஒருவர் ஏறச் சுமை தூக்கும் போர்ட்டர் மூன்று பேர், ஒரு சமையல்காரரில் பங்கு, ஒரு வழிகாட்டியில் பங்கு தேவை. வழிகாட்டி இல்லாமல் ஏற 1991 முதல் அனுமதியும் இல்லை.

பணம் கட்டுமுன் வழிகாட்டியின் ஆங்கிலம் எப்படி என்று விசாரிப்பவர்கள், உச்சி இரவில் எத்தனை வழிகாட்டிகள் வருவார்கள் என்று கேட்பதில்லை. இரண்டு பேருக்கு ஒருவர் இருந்தால் நல்லது. ஆறு பேருக்கு ஒரே வழிகாட்டி என்றால், ஒருவருக்கு முடியாமல் போனதும் ஆறு பேரும் இறங்க வேண்டும், அல்லது முடியாதவர் துணையின்றி இறங்க வேண்டும். ஆக்சிஜன் உருளை உச்சி வரை வருமா, முகாமிலேயே கிடக்குமா? காலையும் மாலையும், ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் வைத்துப் பார்த்து எழுதி வைப்பார்களா? '98 சதவீத வெற்றி' என்று சொன்னால், அதில் ஸ்டெல்லா முனை, கில்மன் முனையோடு திரும்பியவர்களும் சேர்த்தியா? இவை இரண்டும் எரிமலை வாயின் விளிம்பில் உள்ள இடங்கள். கில்மனிலிருந்து உஹுருவுக்கு இன்னும் ஏறத்தாழ 200 மீட்டர் ஏற்றமும் ஒன்றரை, இரண்டு மணி நேர நடையும் இருக்கிறது.

உச்சி இரவைப் பற்றிக் கட்டுரையில் இரண்டே வரி இருந்தது. உண்மையில் மலையே அந்த ஓர் இரவுதான். பராஃபு என்றால் பனிக்கட்டி. அங்கிருந்து நள்ளிரவு வாக்கில் கிளம்பக் காரணம், சரளைச் சரிவு இரவில் உறைந்து இறுகியிருக்கும், கால் நழுவாது. விடியலில் விளிம்பை அடைந்துவிட்டால் இறங்க முழுப் பகலும் கிடைக்கும். ஏற்றம் 1,200 மீட்டருக்கு மேல், ஆறு முதல் எட்டு மணி நேரம். குளிர் சில இரவுகளில் மைனஸ் 15, மைனஸ் 20 வரை போகும். தண்ணீர்ப் பையிலிருந்து வரும் ரப்பர் குழாய்தான் முதலில் உறையும். உறிஞ்சியதும் காற்றை ஊதிக் குழாயில் நிற்கும் தண்ணீரைப் பைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அப்படியும் அதை மட்டும் நம்பக் கூடாது. அகன்ற வாய் பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, கம்பளிக் காலுறைக்குள் திணித்து, தலைகீழாக வையுங்கள். தண்ணீர் மேலிருந்து உறையும். பாட்டிலைக் கவிழ்த்து வைத்தால் மூடிப் பக்கம் திரவமாகவே இருக்கும். கைபேசியையும் தலைவிளக்கின் மாற்று பேட்டரியையும் உடம்போடு ஒட்டிய உள்பையில் வைக்க வேண்டும். விரல் பிரிந்த கையுறைக்கு மேல் விரல் சேர்ந்த தடித்த உறை தேவை. பருத்தி பனியன் வியர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றதும் குளிரும், ஜீன்ஸும் அப்படித்தான். நம்மூர் மங்கி குல்லாவைக் கேலி செய்யாதீர்கள், அந்தக் காற்றுக்கு அது நன்றாகவே தாங்கும். மற்றதை மலையடிவார ஊரான மோஷியில் வாடகைக்கு எடுக்கலாம், பூட்ஸை மட்டும் எடுக்காதீர்கள். இரண்டு மாதம் போட்டுப் பழகிய, அரை அளவு பெரிய பூட்ஸ் வேண்டும். காரணம் இறக்கம்: உச்சியிலிருந்து அன்றே ம்வேகா முகாம் வரை ஏறத்தாழ 2,800 மீட்டர் இறங்குகிறோம். கட்டைவிரல் நகம் முனையில் இடித்து இடித்துக் கறுத்துப்போகும். கிளம்புமுன் நகத்தை ஒட்ட வெட்டுங்கள், முழங்காலுக்கு இரண்டு ஊன்றுகோல் கொண்டுபோங்கள்.

மலைநோய் வராமல் இருக்கப் போடும் டயமாக்ஸ் மாத்திரை பற்றிப் பலவிதமாகச் சொல்கிறார்கள். நோயின் அறிகுறியை மறைத்துவிடும் என்பது தவறு. சிறுநீரகம் காரத்தை வெளியே தள்ளுவதை அது விரைவுபடுத்துகிறது, அவ்வளவே. வழக்கமான அளவு காலை 125, இரவு 125 மில்லிகிராம், ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து. இங்கே கிடைப்பது பெரும்பாலும் 250 மில்லிகிராம் என்பதால் பாதியாக உடைக்க வேண்டியிருக்கும். விரல் நுனி குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா சப்பென்று இருக்கும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடவே கூடாது. எப்படியும் ஒருமுறை ஊரிலேயே இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. தூக்க மாத்திரையும் மதுவும் மலையில் ஆகாது. மாத்திரை போட்டுக்கொண்டு ஐந்து நாளில் ஏறலாம் என்பதும் ஆகாது.

தலைவலியோடு குமட்டலோ தலைசுற்றலோ அசாத்தியக் களைப்போ சேர்ந்தால் அது மலைநோய். அதற்கு மேல் ஏறக் கூடாது. ஒருவர் குடித்தவர் போலத் தள்ளாடினால், குதிகாலைக் கட்டைவிரலோடு ஒட்டி வைத்துப் பத்தடி நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். முடியவில்லையா, மூளையில் நீர் கோத்திருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி, நுரையோடு இருமினால் நுரையீரலில் நீர். இரண்டுக்கும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இருட்டானாலும் அந்த நிமிடமே கீழே இறக்க வேண்டும். ஆக்சிமீட்டர் 4,600 மீட்டரில் 80 காட்டினால் பதறாதீர்கள், அந்த உயரத்தில் அது சகஜம். கை சில்லிட்டிருந்தால் எண்ணும் தப்பாகக் காட்டும். ஆளைப் பாருங்கள், எண்ணை அப்புறம் பாருங்கள். பயணக் காப்பீடு 6,000 மீட்டர் வரை செல்லுமா என்று பாலிசியில் படித்துப் பாருங்கள். சில பாலிசிகள் அதற்கு வெகு கீழேயே கைவிட்டுவிடும்.

சாப்பாட்டில் ஒரு விஷயம். உயரத்தில் பசி செத்துவிடும். பராஃபுவில் தண்ணீர் சுமார் 85 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் சோறு அரை வேக்காடாக வந்து வயிற்றைக் கெடுக்கும். சூப், உருளைக்கிழங்கு, கஞ்சி என்று கேட்டு வாங்குங்கள். ரசப்பொடியும் புளிக்காய்ச்சலும் கொஞ்சம் கொண்டுபோனால் அந்தச் சூப்பும் உள்ளே இறங்கும். ஆனால் பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள். 2019 முதல் தான்சானியாவில் அதற்குத் தடை. மச்சாமே பாதையில் கடைசித் தண்ணீர் கராங்கா ஓடைதான். பராஃபுவில் நாம் குடிக்கும் ஒவ்வொரு சொட்டும் அங்கிருந்து ஒருவர் சுமந்து வந்தது.

அவருக்கு அனுமதிக்கப்பட்ட சுமை 20 கிலோ. அதில் நம் பைக்கு 15 கிலோதான். வாயிலில் எடை போடுகிறார்கள். நம் பையே 18 கிலோ என்றால் மூன்று கிலோ எங்கே போகும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். விலை குறைந்த திட்டங்களில் முதலில் அடிபடுவது இவர்கள் கூலியும் சாப்பாடும்தான். கிளிமஞ்சாரோ போர்ட்டர்கள் உதவித் திட்டம் என்ற அமைப்பு, சுமப்பவர்களை முறையாக நடத்தும் நிறுவனங்களின் பட்டியலை வைத்திருக்கிறது. பணம் கட்டுமுன் அதைப் பார்க்கலாம்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். உச்சிக்கு ஏறக் குறைந்தபட்ச வயது பத்து என்பது பூங்காவின் விதி. அதற்கும் குறைந்த வயதில் சாதனை என்று யாராவது செய்தி கொடுத்தால் மாலை போட்ட படத்தோடு வெளியிடாதீர்கள். தலை வலிப்பதைச் சரியாகச் சொல்லக்கூடக் குழந்தைக்குத் தெரியாமல் போகலாம். இன்னொன்று, அடுத்த முறை மலைப் பயணக் கட்டுரை வரும்போது இரவு தங்கும் உயரங்களை ஒரு சிறு கட்டத்தில் போட்டுவிடுங்கள். மச்சாமே ஏழு நாளுக்கு அது சுமாராக 2,835, 3,750, 3,970, 3,995, 4,670 மீட்டர், இறங்கும்போது 3,100. ஐந்து நாள் மராங்குவுக்கு 2,720, 3,720, 4,720. வாசகர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
மலையேற்றப் பயிற்சியாளர்,
கோயம்புத்தூர்.