கால் எரிச்சலுக்கு எழுதித் தந்த இரவு மாத்திரை

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய மருந்துச் சீட்டைப் பார்த்தேன். அமிட்ரிப்டிலின் 10 மி.கி., இரவு ஒன்று. "பாதம் எரிகிறது என்று போனால் மனச்சோர்வு மாத்திரை தருகிறார். வலியே என் கற்பனை என்கிறாரா?" என்று கேட்டிருந்தாய். இல்லையப்பா. மனச்சோர்வுக்கு இதே மருந்தை நாளொன்றுக்கு 75 முதல் 150 மி.கி. வரை கொடுப்பார்கள். 10 மி.கி. என்று பார்த்த உடனேயே அது நரம்பு வலிக்குத்தான் என்று மருந்துக்கடைக்காரருக்கே தெரிந்திருக்கும்.

சர்க்கரையால் பாதத்தின் மெல்லிய நரம்பிழைகள் கெட்டுப்போய், எதுவும் படாதபோதே வலிச் செய்தியை மேலே அனுப்பிக்கொண்டிருக்கின்றன. அங்கே வீக்கமோ புண்ணோ இல்லாததால் பாராசிட்டமாலும் டைக்ளோஃபெனாக்கும் உனக்குப் பலிக்கவில்லை. டைக்ளோஃபெனாக்கை இனித் தொடாதே, சர்க்கரைக்காரரின் சிறுநீரகத்துக்கு அது ஆகாது. மூளைத்தண்டிலிருந்து முதுகுத்தண்டுக்கு இறங்கிவரும் நரம்புகள் நார்அட்ரினலின், செரட்டோனின் என்ற இரண்டு வேதிப்பொருள்களைச் சுரந்து, கீழிருந்து வரும் வலியை அங்கேயே மட்டுப்படுத்துகின்றன. இந்த மருந்து அந்த இரண்டும் சீக்கிரம் உறிஞ்சப்படாமல் தடுக்கிறது. கூடவே நரம்பில் வலிச் செய்தி ஓட உதவும் சோடியம் வழிகளையும் ஓரளவு அடைக்கிறது. செரட்டோனினை மட்டும் கூட்டும் இன்னொரு மனச்சோர்வு மருந்தான ஃப்ளூவாக்ஸெட்டின் இந்த வலிக்கு அவ்வளவாக உதவாது. 1992-இல் அமெரிக்காவில் சர்க்கரை நரம்பு வலிக்காரர்களிடம் இவற்றை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மனச்சோர்வு இருந்தவர், இல்லாதவர் இரு தரப்புக்கும் அமிட்ரிப்டிலின் வலியைக் குறைத்தது. உன் சந்தேகத்துக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

படுக்கப்போகும்போது போடாதே. பத்தரைக்குப் படுப்பாயானால் எட்டரைக்குப் போடு. தாமதமாகப் போட்டால் காலையில் தலை கனத்துக் கிடக்கும், அதற்குப் பயந்துதான் பலர் சில நாளிலேயே நிறுத்திவிடுகிறார்கள். முதல் சில நாட்கள் காலையில் மந்தமாக இருந்தால் பைக்கை எடுக்காமல் பஸ்ஸில் போ. பிறகு டாக்டர் சொன்னபடி வாரத்துக்கு 10 மி.கி. வீதம் கூட்டலாம். பெரும்பாலோருக்கு 25-க்கும் 75-க்கும் இடையில் ஓர் அளவு நின்றுவிடும். நீயாக இரண்டு சேர்த்துப் போட்டுப் பார்க்காதே. சிலர் உடம்பு இதை மெதுவாகத்தான் கரைக்கும், அவர்களுக்குச் சின்ன அளவே பெரிய அளவாகிவிடும்.

தூக்கம் சில நாளிலேயே நன்றாக வரும். வலி குறைய இரண்டு மூன்று வாரமாவது ஆகும். 6 முதல் 8 வாரம் சாப்பிட்டு, அதில் கடைசி இரண்டு வாரமாவது சரியான அளவில் இருக்காமல் பலன் இல்லை என்று முடிவுகட்டாதே. தினமும் இரவில் வலிக்கு 0 முதல் 10-க்குள் ஒரு மதிப்பெண் போட்டு எழுதி வை. 7 என்று இருந்தது 5-க்கு வந்தாலே மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். பூஜ்யத்தை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவாய். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2015-இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, இந்த வகை மருந்தை ஏறக்குறைய நாலு பேருக்குக் கொடுத்தால், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையில் கிடைப்பதற்கு மேலாக ஒருவருக்கு வலி பாதியாகிறது. நரம்பு வலி மருந்துகளில் இது நல்ல கணக்குதான். ஆனால் மரத்துப்போன இடத்தில் உணர்ச்சி இதனால் திரும்பாது. பாதத்தை இரவில் பார்த்துக் கழுவுவதை விடாதே.

வாய் உலரும், தண்ணீரை அடிக்கடி கொஞ்சமாகக் குடி, மிட்டாய் வேண்டாம். மலச்சிக்கல் வந்தால் கீரையும் இசப்கோலும். படுக்கையிலிருந்து சடாரென எழுந்தால் தலை சுற்றும், ஒரு நிமிஷம் உட்கார்ந்து எழு. பசி கூடி எடை ஏறுவதுதான் உன்னைப் போன்ற சர்க்கரைக்காரருக்கு உண்மையான தொல்லை, வாரம் ஒருமுறை எடை பார். சிறுநீர் கழிக்கத் தடை, கண்ணில் வலியோடு மங்கல், நெஞ்சுப் படபடப்பு இவற்றில் எது வந்தாலும் அன்றே டாக்டரிடம் சொல். உனக்கு நாற்பது தாண்டிவிட்டது, அளவைக் கூட்டுவதற்கு முன் ஒரு ஈசிஜி எடுத்துவிடு. இதயத் துடிப்பின் மின்பாதையில் தடை இருப்பவர்களுக்கும், அண்மையில் மாரடைப்பு வந்தவர்களுக்கும் இது கூடாது.

இன்னொன்று. பாராசிட்டமாலோடு ட்ரமடால் கலந்த வலி மாத்திரையை யாராவது எழுதினால், இதைச் சாப்பிடுகிறேன் என்று முதலில் சொல். இரண்டும் சேர்ந்தால் செரட்டோனின் அளவுமீறி நடுக்கம், வியர்வை, காய்ச்சல், பதற்றம் வரலாம். அப்படி வந்தால் ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும். ஜலதோஷ மாத்திரையும் மதுவும் மயக்கத்தைக் கூட்டும். மாத்திரை அட்டையைக் குழந்தை நிலாவின் கைக்கு எட்டாத உயரத்தில், பூட்டி வை. சின்னக் குழந்தை இதில் சில மாத்திரையை விழுங்கினாலே இதயம் தாளம் தவறி உயிருக்கு ஆபத்தாகிவிடும். தலையணைக்கடியில் வைக்கும் வழக்கம் உனக்கு உண்டு, அதனால் சொல்கிறேன்.

இது ஒத்துவராவிட்டால் அடுத்தது டுலோக்ஸெட்டின், அதுவும் நரம்பு வலிக்குக் கொடுக்கும் ஒரு மனச்சோர்வு மருந்துதான். முதல் வாரம் 30 மி.கி., பிறகு 60, சாப்பாட்டுக்குப் பின். முதல் ஒன்றிரண்டு வாரம் குமட்டும், பிறகு தணியும். 60-க்கு மேல் போனால் வலி மேலும் குறைவது அரிது, தொந்தரவுதான் கூடும். கேப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டிச் சாப்பிடாதே, உள்ளே இருக்கும் மணிகளின் பூச்சு வயிற்று அமிலத்திலிருந்து மருந்தைக் காப்பதற்கு. கல்லீரல் கோளாறு இருந்தாலோ, தினமும் குடித்தாலோ அது வேண்டாம். வயிற்றுப்போக்கென்றால் கடையில் கேட்டு வாங்கும் சிப்ரோஃப்ளாக்சசின் ரத்தத்தில் டுலோக்ஸெட்டினின் அளவை ஏற்றிவிடும், அதையும் நினைவில் வை.

நரம்பு வலிக்கான வேறொரு மருந்தான ப்ரீகாபாலின் 75 மி.கி.யும், அமிட்ரிப்டிலினின் உறவான நார்ட்ரிப்டிலின் 10 மி.கி.யும் ஒன்றாகக் கலந்த மாத்திரை நம் ஊரில் தாராளமாக எழுதப்படுகிறது. தொடக்கத்திலேயே அது எனக்குப் பிடிப்பதில்லை. எது பலன் தந்தது, எது தலைசுற்ற வைத்தது என்று பிரித்தறிய முடியாது. ஒன்றை மட்டும் கூட்டவோ குறைக்கவோ வழியும் இல்லை.

நன்றாகிவிட்டது என்று ஒரே நாளில் நிறுத்தாதே. வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் குமட்டல், எரிச்சல், தூக்கமின்மை. டுலோக்ஸெட்டினில் தலைக்குள் ஷாக் அடிப்பதுபோலவும் இருக்கும். மருந்து உடலில் இருப்பதற்குப் பழகிய நரம்பு அது திடீரென இல்லாதபோது காட்டும் எதிர்ப்பு அது. போதைப் பழக்கம் என்று மிரளாதே.

அடுத்த முறை போகும்போது வலி மதிப்பெண் நோட்டு, சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினின் முடிவு, மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி முடிவு மூன்றையும் கொண்டுபோ. பல வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாய், அது வைட்டமின் பி12-ஐக் குறைக்கக்கூடும், அதனால் பி12 பார்க்கச் சொல்லிக் கேள். பி12 குறைந்தாலும் கால் இதேபோல எரியலாம், அதற்கு ஊசியோ மாத்திரையோ போட வேண்டும். பி12 சத்து மாத்திரையை அதற்கு முன்பே வாங்கிச் சாப்பிட்டுவிடாதே, பரிசோதனை முடிவு தப்பாகக் காட்டும்.

அன்புடன்,
அம்மா