அவித்த நெல்லும் பெரிபெரியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தயாமின் (வைட்டமின் பி1) குறைவால் வரும் பெரிபெரி நோய் குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், மலாயாவுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களுக்கு அந்நோய் வராததற்குக் கைக்குத்தல் அரிசியே காரணம் என்றிருந்தது. திருத்தம் தேவை. அவர்கள் உண்டது புழுங்கலரிசி. கைக்குத்தல் பச்சரிசியிலும் தவிடு ஒட்டியிருப்பதால் சத்து உண்டு. ஆனால் மலாயா மருத்துவர்கள் ஒப்பிட்டது உலக்கையையும் ஆலையையும் அல்ல, அவித்த நெல்லையும் அவிக்காத நெல்லையும்.

மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் வெள்ளைப் பச்சரிசி உண்டு கால் மரத்து, வீங்கி, நெஞ்சடைத்து மாண்டார்கள். பக்கத்திலேயே இருந்த தமிழர்களுக்கு அது அரிது. மலாயாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் பணிபுரிந்த மருத்துவர் பிராடன் இதைக் கவனித்து அரிசியில்தான் கோளாறு என்றார். ஆனால் பூசண நஞ்சு என்று காரணத்தைத் தவறாகச் சொன்னார்.

கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் மருத்துவர் பிளெட்சர் செய்த சோதனை கட்டுரையில் இல்லாதது பெரிய குறை. 1905 டிசம்பர் 5 அன்று நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படை எண்காரர்கள் கிழக்குக் கட்டடத்துக்கு, சயாம் பச்சரிசி. இரட்டைப்படையினர் மேற்குக் கட்டடத்துக்கு, இந்தியப் புழுங்கலரிசி. மற்ற உணவெல்லாம் ஒன்றே. இடத்தில்தான் நோயோ என்ற ஐயம் தீர, அடுத்த ஜூனில் அரிசியை மாற்றாமல் கட்டடங்களை மட்டும் மாற்றினார். பச்சரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் ஒருவரும் இறக்கவில்லை.

காரணம் எளிது. தயாமின் சத்து தவிட்டிலும் முளைக்கருவிலும் இருக்கிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அது நீரில் கரைந்து மணிக்குள் இறங்குகிறது. மாவுச்சத்து இறுகி அதைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு தீட்டினாலும் பெரும்பகுதி நிற்கும்.

இதெல்லாம் நெல்லை ஒழுங்காக அவித்தால்தான். 70 டிகிரி வெந்நீரில் 3 முதல் 4 மணி நேரம் ஊறினால் போதும். பச்சைத்தண்ணீரில் நாள்கணக்கில் கிடந்தால் புளித்து, அந்த வாடை சோறு வரை வரும். ஊறல் குறைந்தால் அரிசி நடுவில் வெள்ளைப் பொட்டு நிற்கும். உமி இலேசாக வாய் பிளந்ததும் ஆவியை நிறுத்த வேண்டும். களத்தில் ஒரே மூச்சில் காயவிட்டால் மணி வெடித்து ஆலையில் நொய்யாகும். பாதி காய்ந்ததும் குவித்து ஆறவிட்டு, மறுபடி பரப்பி, ஈரம் 14 சதவீதத்துக்கு வந்தபின் அரைக்க வேண்டும்.

ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் ஆலைப் பச்சரிசி உண்டவர்களிடம் 20ஆம் நூற்றாண்டிலும் பெரிபெரி தொடர்ந்தது. புழுங்கல் உண்ட தமிழகத்தில் அது பரவவில்லை. கட்டுரையின் அடுத்த பகுதியில் இந்த ஒப்பீட்டையும் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். பச்சரிசியைப் பலமுறை களைந்து, கஞ்சியையும் வடித்துக் கொட்டினால் மிச்சமிருக்கும் தயாமினும் தண்ணீரோடு போய்விடும் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்