டயோடு மோடு வேலை செய்யாத மல்டிமீட்டரை மாற்றித் தராதது குறித்துப் புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காட்டில் மைக் செட், ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். உங்கள் மஞ்சள் மீட்டருக்காகச் சேலம் சர்வீஸ் சென்டருக்கு அலைந்து அலுத்துப்போய் இதை எழுதுகிறேன். பில்லும் வாரண்டி அட்டை நகலும் இணைத்துள்ளேன்.

டயோடு மோடில், அதாவது மின்சாரம் ஒரு பக்கம் மட்டும் போகிறதா என்று பார்க்கும் இடத்தில், எந்த டிரான்சிஸ்டரை வைத்தாலும் ஓ.எல். (மின்சாரம் போகவில்லை) என்றே காட்டுகிறது. டிரான்சிஸ்டருக்கு பேஸ், எமிட்டர், கலெக்டர் என்று மூன்று முனை. ஆம்ப்ளிஃபயரில் போடும் பெரிய டிரான்சிஸ்டரான 2என்3055 புத்தம் புதிதாக இருக்க, சிவப்பு வயரை பேஸிலும் கறுப்பை எமிட்டரிலும் வைத்தால் 0.5, 0.6 வோல்ட் என்று வர வேண்டாமா? கறுப்பை கலெக்டருக்கு, அதாவது அதன் உலோக உடம்புக்கு மாற்றினாலும் அதே அளவுதான் வர வேண்டும். வயரைத் திருப்பிப் பிடித்தால்தான் ஓ.எல். இதில் எப்படிப் பிடித்தாலும் ஓ.எல். பேட்டரி மாற்றியாயிற்று, வயர் மாற்றியாயிற்று. செவ்வாய்ப்பேட்டையில் நண்பரின் பழைய மீட்டர் அதே டிரான்சிஸ்டரைச் சரியாகக் காட்டுகிறது.

இதைக் காட்டத்தான் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்தேன். கவுண்டரில் இருந்தவர் மீட்டரைக் கையில்கூட வாங்கவில்லை. "இது டயோடு பாக்கற இடம். டிரான்சிஸ்டருக்குத் தனி ஓட்டை இருக்கே, அதுல சொருகுங்க" என்றார். ஐயா, 2என்3055-க்கு இரண்டே இரண்டு கால்கள், அதுவும் தடி. அந்தச் சின்ன ஓட்டையில் எப்படிப் போகும்? பிசி547 மாதிரி சின்ன டிரான்சிஸ்டர் என்றால் போகும். பேஸிலிருந்து இரண்டு பக்கமும் டயோடு மாதிரிதான் என்று சொல்ல வாயெடுத்தேன். "பாடம் நடத்தாதீங்க, அப்புறம் வாங்க" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு போனை நோண்ட ஆரம்பித்துவிட்டார். மீட்டர் விற்கிற கம்பெனியில் உட்கார்ந்திருப்பவர் பேசுகிற பேச்சா இது? பிறகு கூப்பிடுகிறோம் என்றார்கள், யாரும் கூப்பிடவில்லை.

ஆடி மாதம்தான் எங்கள் தொழிலுக்குச் சோறு. ஊருக்கு ஊர் மாரியம்மன் பண்டிகை. அந்த நேரத்தில் உங்கள் மீட்டரை நம்பிக் கழற்றிப் போட்ட நல்ல டிரான்சிஸ்டர்களே ஒரு டப்பா நிறைய இருக்கும். வந்த செட்டெல்லாம் வேறு கடைக்குப் போய்விட்டன. என் ஒரு வருடச் சம்பாத்தியமே போயிற்று.

தயவுசெய்து 15 நாட்களுக்குள் புது மீட்டரை ஏற்காட்டுக்கே அனுப்பி வையுங்கள். இன்னொரு முறை நான் மலை இறங்குவதாக இல்லை. அனுப்பாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டு, சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நஷ்ட ஈடும் கேட்பேன். அந்தக் கவுண்டர்க்காரர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
ஏற்காடு