முத்துவுக்கு, அட்ரியானோ விஷயமாக

அன்புள்ள முத்து,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று எழுதுவதுதான் வழக்கம். இந்த முறை கை வரவில்லை. சிவா எல்லாம் சொன்னான். சரி, அதற்கு அப்புறம் வருகிறேன்.

2024 டிசம்பரில் ரியோவின் மரக்கானா ஸ்டேடியத்தில் நம்ம பிரேசில் கால்பந்து வீரன் அட்ரியானோவுக்கு வழியனுப்பு ஆட்டம் நடத்தினார்களே, அந்த வீடியோவை நேற்று ராத்திரிதான் பார்த்தேன். ஆள் நன்றாகப் பெருத்துவிட்டான். அந்த இடது காலைப் பார்த்ததும் உன் ஞாபகம். ‘பெஸ் 6’ வீடியோ கேமில் அவனுக்கு ஷாட் பவர் 99 என்பதற்காகவே நீ அவன் ஆடிய இத்தாலிய அணியான இன்டரைத் தவிர வேறு அணியைத் தொட மாட்டாய். நடுக்கோட்டிலிருந்து அடித்துவிட்டு ‘டெக்னிக்’ என்பாய். அந்த வெட்கங்கெட்ட கோல்களை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

சிவாவிடம் சொன்னால், “திறமையை வீணாக்கினவன்” என்று ஆரம்பித்துவிட்டான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. 2004 ஜூலை, லிமா. கோபா அமெரிக்கா இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினா 2-1 என்று முன்னிலை. இஞ்சுரி டைமில் இவன் சமன் செய்ய, பெனால்டியில் கோப்பை பிரேசிலுக்கு. அந்தத் தொடரில் 7 கோல், வயது 22. சில நாட்களிலேயே அப்பா அல்மீர் போய்விட்டார். அவர்கள் வாழ்ந்த ரியோ சேரியான விலா குரூசெய்ரோவில் எங்கிருந்தோ வந்த குண்டு தலையில் பாய்ந்து, அதை எடுக்க முடியாமல் வருடக்கணக்கில் தலைக்குள்ளேயே வைத்துக்கொண்டு வாழ்ந்தவர் அவர். செய்தி வந்ததும் போனை எறிந்துவிட்டு அவன் போட்ட கூச்சலைப் பற்றிப் பின்னாளில் இன்டரில் அவனோடு ஆடிய சானெட்டி சொன்னதைப் படித்துவிட்டு, என்னால் வேறு எதையும் படிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகும் அடித்தானே! 2005 கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை இறுதியில் அதே அர்ஜென்டினாவுக்கு எதிராக இரண்டு. அப்புறம்தான் குடி, மனச்சோர்வு எல்லாம். கோல் அடித்துக்கொண்டிருந்தவரை ‘பேரரசன்’ என்று கொண்டாடிய அதே இத்தாலியில், சீசனின் மோசமான ஆட்டக்காரனுக்கென்று ஒரு வானொலி நிகழ்ச்சி தரும் ‘தங்கக் குப்பைத்தொட்டி’யை மூன்று முறை கொடுத்தார்கள். வயிறு எரிகிறது.

2009 ஏப்ரலில், 27 வயதில், ஆடுவதில் சந்தோஷமே இல்லை என்று இன்டரை விட்டு ரியோவுக்குப் போனான். பைத்தியம் என்றார்கள். அதே வருடம் ரியோ அணியான ஃபிளமெங்கோவுக்காக லீகில் 19 கோல். 1992-க்குப் பிறகு அவர்களுக்குத் தேசியப் பட்டம். பிறகு ரோமா, கொரிந்தியன்ஸ், எதுவும் நிலைக்கவில்லை. குணமாகிவிட்டான் என்று நான் சொல்லவில்லை. ஊருக்குப் போனது தப்பில்லை என்கிறேன், அவ்வளவுதான்.

டேய், இதை எதற்கு எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும். அப்பா காரியம் முடிந்தும் நீ வேலைக்குத் திரும்பாததைப் பற்றி ஆளாளுக்குப் பேசுகிறார்கள். பேசட்டும். ஆனால் தினமும் குடிக்கிறாய் என்று ஒருவன் சொன்னான். பொய் என்றால் அவன் பல்லை உடைக்கிறேன். நிஜம் என்றால் எனக்கு மட்டும் சொல். திட்ட மாட்டேன், ராத்திரி பஸ்ஸிலேயே கிளம்பி வருகிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். பணத்துக்குக் கூச்சப்படாதே. பெருமாள் எனக்குத் தர வேண்டியதை உன்னிடமே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவன் கொடுத்தால் உடனே போன் செய், நானும் அதிர்ச்சியாகிக்கொள்கிறேன்.

உன்,
ரவி