முட்டையில் எழுதத் தொடங்கியிருக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

முட்டை ஓட்டில் மெழுகால் கோடு எழுதி, சாயத்தில் தோய்த்து எடுக்கும் உக்ரைனியக் கலை பிசங்கா. அதில் நீ செய்த முதல் முட்டையின் மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். கோலம் போட்டுப் பழகிய கை என்பது கோட்டைப் பார்த்ததுமே தெரிகிறது. முட்டையின் இடுப்பைச் சுற்றி ஓட்டிய அலைக்கோடு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது. முதல் முட்டையில் அது எல்லோருக்கும் அமைவதில்லை. ஆனால் சிவப்பு திட்டுத்திட்டாக ஏறியிருக்கிறது, கறுப்புச் சாயம் மெழுகுக்கு அடியில் கசிந்திருக்கிறது, ஒரு பக்கம் கரி அப்பியிருக்கிறது. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. கை வராது என்று மட்டும் விட்டுவிடாதே.

முதலில் பெயரைப் புரிந்துகொள். உக்ரைனிய மொழியில் 'பிசாத்தி' என்றால் எழுதுதல். பிசங்கா என்ற பெயர் அதிலிருந்து வந்தது. அது எழுதிய முட்டை. கண்ணுக்கு மை எழுதுவோம், சுவரில் சித்திரம் எழுதுவோம் என்று சொல்லும் நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. அவித்து ஒரே சாயத்தில் தோய்த்து, ஈஸ்டர் அன்று உரித்துத் தின்பது க்ராஷங்கா. அது வேறு. பிசங்காவுக்கு அவிக்காத பச்சை முட்டைதான், அது தின்பதற்கும் இல்லை. ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில், பிள்ளைகள் உறங்கிய பிறகு பெண்கள் உட்கார்ந்து எழுதி, வீட்டில் வைப்பார்கள், வேண்டியவர்களுக்குக் கொடுப்பார்கள். எத்தனை பிசங்கா எழுதப்படுகிறதோ அவ்வளவுக்கு உலகின் தீமையைக் கட்டிய சங்கிலி இறுகும் என்று கார்ப்பாத்திய மலையின் ஹுட்சுல் மக்கள் சொல்வார்கள். சோவியத் ஆட்சியில் மதச் சடங்கென்று ஒதுக்கப்பட்ட இந்தக் கலையை 2024 டிசம்பரில் உக்ரைன், எஸ்தோனியா இரண்டின் பெயரிலும் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இனி உன் முட்டைக்கு வருகிறேன். நீ மான் சிவப்பாக வர வேண்டும் என்று நினைத்து, மஞ்சளில் தோய்த்து எடுத்ததும் மானை மெழுகால் நிரப்பிவிட்டாய். மான் மஞ்சளாகவே நின்றுவிட்டது. இங்கே மெழுகு நிறம் தருவதில்லை, இருக்கிற நிறத்தைக் காக்கிறது. வெள்ளை ஓட்டில் எழுதிய கோடு கடைசிவரை வெள்ளை. மஞ்சளுக்குப் பின் எழுதியது மஞ்சள், சிவப்புக்குப் பின் எழுதியது சிவப்பு. எதையும் மூடாமல் விட்ட இடம்தான் கடைசிச் சாயமான கறுப்பை வாங்கும். வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குத்தான் போக முடியும், திரும்பி வர வழியில்லை. அதனால் ஒவ்வொரு தோய்ப்புக்கு முன்னும் "இப்போது இருக்கும் நிறத்தில் எது எது மிஞ்ச வேண்டும்?" என்று கேட்டுக்கொண்டு, அதை மட்டும் எழுது.

சிவப்பு திட்டாக ஏறியதற்குக் காரணம் விரல் எண்ணெய். ஓட்டில் கைரேகை பட்ட இடத்தில் சாயம் பிடிக்காது. கையை நன்றாகக் கழுவு, கிரீம் எதுவும் தடவாதே, முட்டையை டிஷ்யூ சுற்றிப் பிடி. முட்டையைச் சோப்பு போட்டுத் தேய்க்காதே. ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து, அதில் நனைத்த துணியால் மெல்ல ஒற்றி எடுத்தால் போதும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த முட்டை வேர்க்கும், வேர்த்த ஓட்டில் மெழுகு ஒட்டாது. இரண்டு மூன்று மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் தொடங்கு. நாட்டுக்கோழி முட்டையின் பழுப்பில் மஞ்சள் எடுபடாது, கடையில் வாங்கும் வெள்ளை முட்டையே சரி. இருட்டில் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார். மயிரிழை விரிசல் இருந்தாலும் அது வேண்டாம். பென்சிலால் மெல்லிதாகக் கோடு போடலாம். தவறினால் ரப்பரால் அழிக்காதே, அழித்த தடத்திலும் சாயம் பிடிக்காது.

கறுப்பு கசிந்ததற்குக் காரணம் மெழுகு. நீ சாதாரண மெழுகுவர்த்தியை உருக்கியிருக்கிறாய். பாரஃபின் ஆறியதும் நொறுங்கும், அதன் விளிம்பு எழும்ப, சாயம் உள்ளே புகும். தேன்மெழுகு ஆறினாலும் ஒட்டும் தன்மை போகாது. அதைத்தான் வாங்க வேண்டும், எலுமிச்சை அளவு கட்டி பல முட்டைக்கு வரும். எழுதும் கருவிக்குக் கிஸ்த்கா என்று பெயர்: பித்தளைத் தகட்டைச் சின்னக் கூம்பாக மடித்து, ஒரு குச்சியில் கம்பியால் கட்டியது. கூம்பைச் சுடரின் பக்கவாட்டில் சில நொடி காட்டு. மெழுகுக் கட்டியில் ஒரு கிள்ளு அள்ளு, மறுபடி காட்டு, உடனே முட்டையில் வைக்காமல் ஒரு காகிதத்தில் இழுத்துப் பார். நேராக முட்டையில் வைத்தால்தான் முதல் சொட்டு பொட்டாக விழுகிறது. அதிகம் சூடானாலும் அதே கதி. கோடு விட்டுவிட்டு வந்தால் மெழுகு ஆறிவிட்டது, திரும்பச் சுடரில் காட்டு. நுனியை ஓட்டுக்குச் செங்குத்தாக வை. கிஸ்த்கா அசையக் கூடாது, முட்டைதான் சுழல வேண்டும். கோல மாவை விடும்போது கைதான் ஓடும் என்பதால், உனக்கு இது ஒன்றுதான் புதுப்பழக்கம். புகையில் மெழுகு கறுத்துப் போகும். நல்லதுதான், எழுதிய இடம் கண்ணுக்குத் தெரியும்.

சாயப்பொடி ஒரு பொட்டலத்துக்குக் கொதித்த தண்ணீர் 250 மி.லி., ஆறியபின் ஒரு மேசைக்கரண்டி வினிகர். ஓட்டின் சுண்ணாம்பை வினிகர் இலேசாக அரித்தால்தான் சாயம் பிடிக்கும். கூடிப்போனால் ஓடு நுரைத்து மெழுகையே தள்ளிவிடும், உன் இரண்டாவது படத்தில் கோட்டின் ஓரம் அரித்தது போலத் தெரிவதும் இதனால்தான் இருக்கும். சில ஆரஞ்சுப் பொடிகளுக்கு வினிகரே ஆகாது, பொட்டலத்தைப் படித்துக்கொள். சாயம் முழுக்க ஆறியிருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தாலும் மெழுகு இளகும். மஞ்சளுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம், சிவப்புக்குக் கால் மணி, கறுப்புக்கு அரை மணி வரை விடு. கரண்டியால் எடுத்து ஒற்று, தேய்க்காதே. பச்சை வேண்டுமானால் முட்டையை முக்காதே. மஞ்சளுக்குப் பிறகு இலை வரும் இடத்தில் மட்டும் தூரிகையால் பச்சையைத் தொட்டு வைத்து, காய்ந்ததும் மெழுகால் மூடு. அடுத்து ஆரஞ்சில் தோய்த்தால் வெளியே வழிந்த பச்சையை அது அடக்கிவிடும், சிவப்பும் தெளிவாக ஏறும். இந்த ஆரஞ்சுப் படியைத்தான் புதிதாகச் செய்கிறவர்கள் விட்டுவிடுகிறார்கள். பழைய நாளில் மஞ்சளுக்குக் காட்டு ஆப்பிள் மரப்பட்டை, பழுப்புக்கு வெங்காயத்தோல், அடர்நிறத்துக்கு வால்நட் காயின் மேல்தோல் என்று காய்ச்சி, படிகாரம் சேர்த்து நிறத்தை நிறுத்துவார்கள்.

கரி அப்பியதற்குக் காரணம், சாயமெல்லாம் முடிந்து கடைசியில் மெழுகை உருக்கி எடுக்கும்போது முட்டையைச் சுடருக்கு மேலே பிடித்தது. பக்கத்தில் பிடி. காசு அளவு இடம் பளபளவென்று நனைந்தது போல் ஆனதும் டிஷ்யூவால் ஒரே துடைப்பு, பிறகு அடுத்த இடம். ஒரே இடத்தில் காட்டிக்கொண்டிருந்தால் உள்ளே கரு சூடாகி ஓடு வெடிக்கும். கறுத்துக் கிடந்த முட்டையிலிருந்து முதல் வெள்ளைக் கோடு வெளியே வரும் அந்த நொடிக்காகவே இத்தனை மணி நேரமும் உட்காரலாம்.

பிறகு எண்ணெய் கலந்த வார்னிஷ். தண்ணீர் கலந்தது வேண்டாம், சாயம் கரைந்து ஓடும். ஒரு பலகையில் மூன்று ஆணியை முக்கோணமாக அடித்து, அதன்மேல் காய வை. உக்ரைனில் முட்டையை அப்படியே முழுசாக வைத்து, ஆண்டுக்கணக்கில் உள்ளே வற்ற விடுவது வழக்கம். நம் வெயிலுக்கு அது சரிவராது, உள்ளே வாயு சேர்ந்து வெடித்தால் அந்த நாற்றம் வீட்டை விட்டுப் போகாது. வார்னிஷ் காய்ந்த பிறகு மழுங்கிய முனையில் ஒரு துளை போட்டு, சிரிஞ்சால் காற்றைச் செலுத்து, கரு தானாக வெளியே வரும். சாயம் பட்ட கரு, சமைக்காதே. தொடங்கும் முன்பே காலி செய்துகொள்ளலாமே என்று தோன்றும். காலி முட்டை சாயத்தில் மிதக்கும், ஒரு பக்கம் வெளுத்தே நிற்கும்.

கொஸ்மச் ஊர்க்காரர்களின் பிசங்காவைப் படத்தில் பார்த்துவிட்டு அது போல வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மயிரிழைக் கோடுகளால் நெய்தது போன்ற அந்த வேலைக்கு இன்னும் நாளாகும். கொலொமியா நகரில் 2000-இல் முட்டை வடிவத்திலேயே கட்டிய பிசங்கா அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் தொகுப்புப் படங்களில் எளிய பழைய வடிவங்களை முதலில் பார். ஓநாய்ப் பல் எனும் சின்ன முக்கோண வரிசை, ஏணி, எட்டுமுனை நட்சத்திரம், பெஸ்கொனெச்னிக் எனும் முடிவில்லாக் கோடு. நீ இடுப்பில் ஓட்டிய அலை அந்தக் கடைசி வகைதான்.

அடுத்த முட்டையில் மானை விட்டுவிடு. மேலிருந்து கீழாக இரண்டு வளையம், நடுவில் ஒரு வளையம் என்று எட்டாகப் பிரி. நேர்க்கோட்டுக்கு ரப்பர் பேண்டை மாட்டி, அதன் ஓரமாகப் பென்சிலை ஓட்டு. வெள்ளையில் பெஸ்கொனெச்னிக், மஞ்சளில் ஓநாய்ப் பல், சிவப்பில் நட்சத்திரம், கடைசியில் கறுப்பு. நான்கே நிறம். மெழுகை உருக்குவதற்கு முன்னால் ஒரு படம் எடுத்து அனுப்பு. கோடு எங்கே தடித்தது, எங்கே விட்டுப்போனது என்பது அந்தக் கட்டத்தில்தான் எனக்குத் தெரியும்.

அன்புடன்,
அக்கா