எஞ்சினுக்கு முன் கடதாசி: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, நமது ரயில் சங்கத்தின் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நமது திருகோணமலைக்கு ரயில் வந்தது 1927இல். மட்டக்களப்புக்கு மறு ஆண்டு, 1928இல். ஆகவே 2027இல் நமது பாதைக்கு நூறு வயது நிறைகிறது. நூற்றாண்டுக்கு என்ன செய்யப்போகிறோம் என்ற கேள்வியே இந்த ஆண்டின் மாதக் கூட்டங்களில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது. மற்ற வேலைகளும் நடந்தன; அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

நிலைய முற்றத்தில் ஒரு பழைய நீராவி எஞ்சினைக் கொண்டுவந்து நிறுத்தவேண்டும் என்பது உறுப்பினர் பலரின் ஆசை. இளைஞர் சிலர், நீராவி கிடைக்காவிட்டால் கனடா எஞ்சினாவது வேண்டும் என்றார்கள். கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவித் திட்டத்தின் கீழ் 1954 முதல் வந்திறங்கி, கனடா மாகாணங்களின் பெயர்களைத் தாங்கி ஓடிய அந்த டீசல் எஞ்சின்களின் மீது அவர்களுக்குத் தனிப் பிரியம். அந்தப் பிரியத்தை நான் குறைவாக மதிப்பிடவில்லை. ஆனால் கூட்டத்தில் சொன்னதையே எழுத்திலும் பதிகிறேன்: கூரை இல்லாமல் எஞ்சினைக் கொண்டுவரக் கூடாது. நமது ஊர் மூன்று பக்கமும் கடல் சூழ்ந்தது. கடற்காற்றில் வீட்டு ஜன்னல் கம்பியே உப்புப் பிடித்து உதிர்கிறது. கொதிகலன் தகடும் குழாய்களும் எத்தனை மாரியைத் தாங்கும்? முதலிரண்டு வருடம் கறுப்புப் பெயின்ற் அடிப்போம், படம் எடுப்போம். பிறகு ஆட்டுக்கும் மானுக்கும் நிழல் கொடுக்கத்தான் அது உதவும். நம் ஊர் மான்களுக்கு நிழல் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. அதற்கு ஒரு வேப்பமரம் போதும்.

கடுகண்ணாவை ரயில் நூதனசாலைக்குச் சென்று வந்த உறுப்பினர்களும் இதையே சொன்னார்கள். நாட்டின் முதல் ரயில் 1864 டிசம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸைக்கு ஓடியது. அதன் 150ஆம் ஆண்டு நிறைவில், 2014 டிசம்பரில், அந்த நூதனசாலை திறக்கப்பட்டது. அங்கே பொருள்களைப் பராமரிக்க ரயில் திணைக்களத்தின் ஆட்களும் பட்டறை அறிவும் உண்டு. நமக்கு இருப்பது வாசிகசாலையின் பின்னறையில் ஓர் இரும்பு அலுமாரி.

அந்த அலுமாரிதான் இந்த ஆண்டின் உண்மையான செய்தி. ரயில் சேவையில் இருந்தவர்களின் வீடுகளில் கிடக்கும் கடதாசிகளையும் சிறு பொருள்களையும் இரவலாகப் பெற்று, படம் எடுத்துத் திருப்பிக் கொடுக்கும் திட்டத்தைச் சித்திரையில் தொடங்கினோம். முதலில் யாரும் தரவில்லை. "இந்தக் குப்பையை என்ன செய்யப்போகிறீர்கள் மாஸ்டர்?" என்றுதான் கேட்டார்கள். பிறகு ஓய்வு பெற்ற ரயில் கார்ட் ஒருவரின் மனைவி ஒரு பிஸ்கட் தகரத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே தடித்த அட்டை டிக்கெட்டுகள். தீப்பெட்டியின் முகப்பளவுதான் ஒவ்வொன்றும். இரு முனையிலும் தொடர் இலக்கம், ஓரத்தில் திகதிப் பொறி அழுத்திய பள்ளம். மையே இல்லாமல் விரலால் தடவியே திகதியை வாசித்துவிடலாம் போலிருந்தது. அவற்றின் கீழே பணிநேரக் குறிப்பேடு ஒன்று. எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம், எங்கே மாடு குறுக்கே வந்தது, கந்தளாயில் எத்தனை மூட்டை ஏறியது எல்லாம் பென்சிலில். திணைக்களத்தின் வருடாந்த அறிக்கைகளில் இதில் ஒரு வரிகூடக் கிடைக்காது. அந்தத் தகரம் வந்த பிறகு மற்ற வீடுகளின் பரண்களும் மெல்லத் திறந்தன.

ஆவணி மாதக் கூட்டத்தில் ஓய்வு பெற்ற நிலைய அதிபர் ஒருவர் டேப்லெட் முறையைக் கரும்பலகையில் வரைந்து விளக்கினார். நமது பாதை ஒற்றைப் பாதை. இரு நிலையங்களுக்கு இடையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். அதற்கு உறுதி, நிலையத்துக் கருவியிலிருந்து எடுக்கும் ஒரு வட்டத் தட்டு; அதுதான் டேப்லெட். அடுத்த நிலையத்தில் இருப்பவர் தமது கருவியின் பொத்தானை அழுத்திப் பிடித்துச் சம்மதம் தந்தால்தான் இங்கே தட்டு வெளியே வரும். ஒன்று வெளியே இருக்கும்வரை இரு பக்கக் கருவிகளும் பூட்டிக்கொள்ளும். இன்னொன்றை எடுக்க முடியாது. தட்டைத் தோல் பையில் இட்டு, பையை வளையத்தில் மாட்டி, ஓடும் வண்டியின் சாரதிக்கு நீட்டவேண்டும். மழை இரவில், ஒரு கையில் விளக்கும் மறு கையில் வளையமுமாக மேடையில் நின்றதை அவர் நடித்தே காட்டினார். வளையம் முழங்கையில் விழும்போது உண்டாகும் கன்றிய தழும்பையும் காட்டினார். பாடசாலை மாணவர்கள் அன்று கைபேசியைத் தொடவே இல்லை. இந்தப் பேச்சை ஒலிப்பதிவு செய்துள்ளோம். சமிக்ஞை முறைகள் மாறிக்கொண்டே போகும் காலத்தில், கருவியை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். அதை இயக்கியவரின் கைப்பழக்கத்தை இப்படித்தான் பிடித்துவைக்க முடியும்.

இதை நான் வற்புறுத்துவதற்கு வடக்கின் கதையும் காரணம். 1990இல் யுத்தத்தால் யாழ்தேவி ரயில் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2014 ஒக்டோபரில் ரயில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தபோது பாதை புதிது, நிலையங்களும் பெரும்பாலும் புதியவை. பழைய நிலையங்களின் உட்புறம் எப்படி இருந்தது என்று இன்று கேட்டால் குடும்பப் படங்களைத்தான் தேடவேண்டும். நமது பாதையில் கட்டடங்கள் இன்னும் நிற்கும்போதே அளந்து, படம் எடுத்து வைப்பது நல்லது. கல்லோயாச் சந்தியிலிருந்து கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா வழியாக நகர் வரையுள்ள நிலையங்களில் பெயர்ப்பலகை, மேடை, அதிபர் அறை ஆகியவற்றைப் படம் எடுக்கும் வேலையில் பாதிகூட முடியவில்லை. கல்லோயாப் பக்கம் காட்டு யானைகளின் நடமாட்டம் உள்ள பகுதி. இருட்டும் முன் திரும்பிவிடவேண்டும் என்பது குழுவுக்கு நான் விதித்த நிபந்தனை. யானையோடு விவாதம் செய்ய நமது சங்க யாப்பில் இடமில்லை.

சீனக்குடா வெளிக்களப் பயணம் நினைத்தபடி அமையவில்லை. எண்ணெய்த் தாங்கிகளின் அருகே செல்ல அனுமதி கேட்டு ஒரு காரியாலயத்துக்கு எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. எனவே நிலைய மேடையில் இருந்தபடியே பேச்சு நடந்தது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்த பின் இந்தத் துறைமுகத்தின் பாரம் எப்படிக் கூடியது, ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் வந்தபோது ஒன்று தாங்கியில் மோதித் தீ எப்படிப் பல நாள் எரிந்தது என்பவற்றை நமது துணைத் தலைவர் விளக்கினார். அதே நாளில்தான் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. யுத்த வரலாறு எழுதுவோர் கப்பலையும் விமானத்தையும் எண்ணுகிறார்கள். துறைமுகத்துக்கு ஆளும் பொருளும் ஏற்றி இறக்கிய ரயில் ஊழியருக்கு அதில் ஒரு பத்திகூட இல்லை. அவர்களின் பிள்ளைகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அடுத்த பதிவுகள் அவர்களிடம்தான்.

டிராம் பற்றி ஒரு வார்த்தை. நமது ஊரில் டிராம் ஓடியதில்லை. ஆனால் கொழும்பில் வேலை பார்த்த மூத்த உறுப்பினர்கள் வற்புறுத்தியதால் ஒரு மாலை அதற்கென ஒதுக்கினோம். 1899இல் பூஸ்டட் சகோதரர்கள் தொடங்கிய மின்சார டிராம், தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க முன்னின்று நடத்திய 1929 வேலைநிறுத்தம், 1944இல் மாநகர சபை பொறுப்பேற்றது, 1960இல் கடைசி வண்டி நின்றது என்று பேச்சு நீண்டது. இடையில் யார் எந்தத் தரிப்பிடத்தில் இறங்கி எந்தக் கடையில் தேநீர் குடித்தார் என்ற தகராறில் அரை மணி நேரம் போனது. அதை நடவடிக்கைக் குறிப்பில் சேர்க்கவில்லை.

யாழ்ப்பாணத்துக்கு ரயிலில் ஒரு குழுப் பயணம் செல்ல வந்த ஆலோசனையை நிர்வாக சபை ஒத்திவைத்தது. கல்லோயா, மாகோ என்று தென்மேற்கே போய், அங்கே வண்டி மாறி, அனுராதபுரம், வவுனியா வழியாக வடக்கே ஏறவேண்டும். ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியாவுக்குப் பஸ்ஸில் போனால் நேரம் மிச்சம் என்று பொருளாளர் சொன்னார். ரயில் சங்கத்தின் பொருளாளரே இப்படிச் சொன்னதைச் சிலர் இன்னும் மன்னிக்கவில்லை.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். சந்தா நிலுவை வழக்கம்போல. புதிய உறுப்பினர்களில் பெண்கள் அதிகம் என்பதையும், ஒலிப்பதிவை எழுத்தாக்கும் வேலை முழுவதையும் அவர்களே தாங்குகிறார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

கடதாசி கொண்டுவருவோருக்கு ஒரு வேண்டுகோள். அன்பு மிகுதியால் பழைய பத்திரங்களை லேமினேட் செய்துவிடாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பின்னர் பிரிக்க முடியாது. கிழிசலுக்கு செலோடேப் வேண்டாம். மஞ்சளித்துக் கடதாசியையும் தின்னும். படத்தின் பின்புறம் பெயர் எழுதுவதானால் பென்சிலால், மெதுவாக. மாரிக்கு முன், கறையானும் இராமபாணப் பூச்சியும் முந்திக்கொள்வதற்குள் கொண்டுவாருங்கள்.

பின்வரும் தீர்மானத்தைப் பொதுச் சபையின் முன் வைக்கிறேன்: நூற்றாண்டு நிதியில் முதல் செலவு ஸ்கேனருக்கும் ஈரம் புகாத இன்னொரு அலுமாரிக்கும், எஞ்சின் கோரிக்கையை, கூரைக்கு இடமும் பராமரிப்புக்குப் பொறுப்பாளரும் எழுத்தில் உறுதியாகும்வரை ஒத்திவைப்பது. முன்மொழியத் துணைத் தலைவர் இசைந்துள்ளார். வழிமொழிபவர் கையை உயர்த்தலாம்.

செயலாளர்