கோப்பை ராஜா உன் அப்பா அல்ல

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய டாரட் என்னும் குறிபார்க்கும் சீட்டின் படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கி மூன்று நாட்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்பா இல்லாத இந்த வீட்டை இனி யார் தாங்குவது என்று மனத்தில் கேட்டுச் சீட்டு எடுத்ததாகவும், கோப்பை ராஜா வந்ததாகவும், நடுக்கடலில் அமைதியாக அமர்ந்திருக்கும் அவரைக் கண்டதும் அப்பாவே வந்துவிட்டது போல் அழுகை முட்டியதாகவும் எழுதியிருந்தாய். அழுதாயா என்பதை மட்டும் எழுதவில்லை.

பங்குச் சாமியாருக்குத் தெரிந்தால் என்னைக் கோபித்துக்கொள்வார். ஆனாலும் இது 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் வெறும் விளையாட்டுச் சீட்டாகத்தான் பிறந்தது, 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில்தான் குறிபார்க்கும் சீட்டாகப் பரவியது என்று படித்தபின், படம் பார்ப்பதில் பாவமில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். 78 சீட்டுகளில் 16 மட்டும் அரசவை முகங்கள். நம் தங்கச்சிமடத்து வலைக்கொட்டகையில் ஆடும் சீட்டில் ஓர் இனத்துக்கு மூன்று முகங்கள் என்றால், இதில் கோப்பை போன்ற ஒவ்வோர் இனத்துக்கும் சேவகன், குதிரை வீரன், ராணி, ராஜா என்று நான்கு.

1909-இல் லண்டனில் வெளிவந்த உன் சீட்டுக்கட்டுக்குப் படம் வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண்மணி. கடல் தெரிந்தவள் என்ற முறையில் அவர் வரைந்த ராஜாவை நிதானமாகப் பார்த்தேன். கொந்தளிக்கும் நீரின்மேல் ஒரு கல் சிம்மாசனம் இருக்கிறது (ராமேஸ்வரத்தில் தொட்டியில் மிதக்கும் கல்லைப் பார்த்து வளர்ந்த உனக்கு இதில் வியப்பு இருந்திருக்காது). ஒரு பக்கம் கப்பல், மறுபக்கம் துள்ளும் ஓங்கல் (டால்பின்), கழுத்தில் மீன் பதக்கம். இவ்வளவு தண்ணீர் சூழ்ந்திருந்தும் அவருடைய கால் நனையவில்லை. வலக்கையில் அவ்வளவு பெரிய கோப்பையை ஏந்தியிருந்தும், அதற்குள் என்ன இருக்கிறது என்று அவர் ஒருமுறைகூடக் குனிந்து பார்ப்பதாகத் தெரியவில்லை. முகம் வேறெங்கோ திரும்பியிருக்கிறது. ராணியோ தன் கோப்பையிலிருந்து கண்ணை எடுப்பதில்லை, அதுவும் மூடிபோட்ட கோப்பை. அந்தச் சீட்டு யாரென்று இப்போது பேச வேண்டாம்.

உணர்ச்சியை அடக்கி ஆள்பவர் என்று இந்த ராஜாவுக்குப் பொருள் சொல்கிறார்கள். சீட்டுகளை வரையச் செய்த ஆர்தர் எட்வர்ட் வெயிட், இவர் பொறுப்பானவர், உதவ முன்வருபவர் என்றும், தலைகீழாக விழுந்தால் நேர்மையற்ற இரட்டை வேடக்காரர் என்றும் எழுதிவைத்தார். இரண்டுமே எனக்குப் போதவில்லை. நம் வடகடலைப் பெண் கடல் என்றும் தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்கிறோம். ஆனால் ஐப்பசி தாண்டி வாடை விழுந்துவிட்டால் அந்தப் பெண் கடல்தான் படகுகளைக் கரையில் கட்டிப்போடுகிறது, ஆண் கடல் குளம்போலக் கிடக்கிறது. எந்தக் காற்றில் பார்த்தோம் என்று கேட்காமல் கடலின் குணத்தைச் சொல்ல முடியாதபோது, மனிதருடைய குணத்தை மட்டும் ஒரு முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

உன் அப்பாவுக்கு அடக்கம் எங்கே இருந்தது? வலை கிழிந்து வந்தால் தேநீர்க் குவளை பறக்கும். அரை மணி நேரத்தில் அதே மனிதர் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு சிரிப்பார். உன் திருமணத்தில் உன்னைவிட அதிகமாக அழுதவர் அவர். நீ இரண்டாம் வகுப்புப் படித்தபோது, வலையில் சிக்கிய ஒரு கடல் குதிரையைச் சொம்பில் கடல்நீரோடு கொண்டுவந்து, நீ பார்த்து முடிக்கும்வரை வாசலிலேயே உட்கார்ந்து அதனோடு ஏதோ பேசிக்கொண்டிருந்துவிட்டு, மறுபடியும் கடலில் விடப் போனார். கோப்பைச் சேவகன் சீட்டை எடுத்துப் பார். கரையில் நிற்கும் பையன், கையில் கோப்பை, அதிலிருந்து எட்டிப் பார்க்கும் மீன், அதைக் கண்டு வியக்கும் அவன் முகம். சேவகன் என்றால் வயதில் சிறியவனாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. 62 வயதுவரை உன் அப்பா அந்தச் சீட்டாகவே இருந்தார்.

அரசவைச் சீட்டு வந்தால் அது வேறொருவரைக் குறிக்கலாம், சீட்டு எடுத்தவரையே குறிக்கலாம் என்று நீதான் போன விடுமுறையில் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். உன் கேள்விக்கு வந்த ராஜா நீதான் என்று நினைக்கிறேன். அப்பாவின் அடக்கம் முடிந்த மறுநாளே ஐஸ் கடை பாக்கியைத் தீர்த்தாய், இன்ஜினுக்கு விலை பேசினாய், தம்பியையும் சித்தப்பாவையும் சண்டையிடாமல் உட்காரவைத்தாய், வீட்டுச் சாமான் முழுவதையும் நோட்டில் எழுதிவைத்துவிட்டு முப்பதாம் நாள் பூசைக்குக்கூட நிற்காமல் சிங்கப்பூருக்கு விமானம் ஏறினாய். ஊரே மெச்சியது, நானும் மெச்சினேன். உன் கால் நனையவில்லை என்பதை இந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் கவனித்தேன்.

உன்னைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. அன்று நீ அப்படி இருந்திராவிட்டால் நாங்கள் திணறியிருப்போம். ஆனால் அது அந்தக் காற்றுக்கு ஏற்ற இருப்பு. அதுவே உன் குணம் என்று நீயும் நம்பிவிடாதே, சீட்டும் அப்படிச் சொல்லியதாக வைத்துக்கொள்ளாதே.

நோட்டின் நான்காம் பக்கத்தில் ‘பித்தளைப் பாத்திரங்கள், 11’ என்று எழுதி, விற்கலாம் என்று பக்கத்தில் குறித்திருக்கிறாய். நான் பத்தை மட்டும் விற்றேன். கடல் குதிரை வந்த சொம்பு அலமாரியில் இருக்கிறது.

அன்புடன்,
அம்மா